எட்டுப் பெட்டிக்குத்தான் இடம்

மே 3, வெள்ளி

இவருக்கு பேங்க்ல மாத்தல் ஆர்டர் வந்துடுச்சு. திண்டுக்கல். ஜூன் மூணாம் தேதி அங்க போய்ச் சேரணுமாம். இவர் சாயங்காலம் வந்தார், செருப்பைக் கழட்டினார், ஒரு சொம்பு தண்ணி குடிச்சார், அப்புறமாச் சொன்னார். நாளைக்குப் பால் வராதுங்கற மாதிரி ஒரு குரல்.

பேங்க் குவார்ட்டர்ஸ் கொடுக்கறாங்களாம். ஒரே ஒரு படுக்கை ரூம். பரண் முழுக்க பழைய ஆபீஸ் பைலாம். ஹால்ல கண்ணாடி போட்ட சுவர் அலமாரி ஒண்ணு இருக்காம். அதை மட்டும் அங்க இருக்கற பியூனை விட்டு டேப் வச்சு அளந்து வாங்கியிருக்கார். நம்ம ஆட்டப் பெட்டி எட்டுதான் கொள்ளும்னு கணக்கு வேற. நான் வரேனானு கேக்கலை. அலமாரியைப் பத்தி விசாரிச்சவருக்கு என்னைப் பத்தி விசாரிக்கத் தோணலை பாருங்க.

எங்க வீட்டுல மொத்தம் நாப்பத்தொரு ஆட்டப் பெட்டி, பெட்டிக்கு ஒரு ஆட்டம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்ல, அதைப் பத்தி எழுத நான் இந்த நோட்டை வாங்கலை. மத்தவங்க நகை, நாய்னு சேப்பாங்க, நாங்க ரெண்டு பேர் உக்காந்து ஆடற ஆட்டமாச் சேத்தோம். ஆடு புலி, செஸ்ஸுல ஆரம்பிச்சு, வெளிநாட்டுலேருந்து வரவழைக்கறது வரைக்கும். ரெண்டு பேர் ஆட்டத்தை நாம ரெண்டு பேர் மட்டும்தான் ஆடணும், வேற யாரோடயும் ஆடக்கூடாதுன்னு முதல் வருஷமே பேசி வச்சோம். பேசினது நான்தான். அப்ப எனக்கு இருபத்தேழு வயசு, பைத்தியம்.

இவர் திட்டம் இது. ஒவ்வொரு பெட்டியையும் கடைசியா ஒரு தடவை ஆடணும். ஜெயிச்சவர் சொல்றதுதான் தீர்ப்பு. வச்சுக்கலாம்னா வச்சுக்கணும், கொடுக்கலாம்னா அப்பார்ட்மெண்ட் கிளப் ரூமுக்குக் கொடுத்துடணும். சரின்னுட்டேன். ஆடறதுக்குச் சரின்னேன், திண்டுக்கல்லுக்குச் சரின்னு சொல்லலை. ரெண்டும் ஒண்ணுன்னு அவர் எடுத்துக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பில்ல.

மே 4, சனி

கத்திரி ஆரம்பம். காலையில லேப்ல அறுபத்திரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தேன். கை வீங்கிப் போச்சு. ஆடலை.

மே 5, ஞாயிறு

லேப்லேருந்து ரெண்டு மணிக்கு வந்தேன். பாத்திரம் தேய்ச்சு, மாவு அரைச்சு, அப்புறம் ஆடு புலி. நான் ஆடு, இவர் புலி. பதினஞ்சு ஆட்டையும் இறக்கி முடிக்கறதுக்குள்ள அஞ்சைத் தின்னுட்டார். முன்னெல்லாம் நான் ஒரு ஆட்டைத் தப்பா வச்சா "பார்த்து"ன்னு சொல்வார். இன்னைக்கு வாயைத் திறக்கலை. புலி குதிச்சுது, ஆடு போச்சு, அவ்வளவுதான்.

ஜெயிச்சுட்டு, வச்சுக்கலாம்னு சொன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தோத்ததுக்கில்ல. அந்த முகத்துக்கு. பாஸ்புக்ல சீல் வைக்கற மாதிரி முகம்.

அப்புறம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனப்ப போன்ல ஒரு ஆட்டம் போட்டேன். வெறும் செஸ். சேலத்துல ஒருத்தர் இருக்கார், பேர்கூட எனக்குச் சரியாத் தெரியாது, போன்ல ‘சேலம்’னுதான் வரும். போன வருஷம் பிப்ரவரியிலேருந்து ஆடறோம். ஒரு காய் நகர்த்துவார், சாப்டாச்சான்னு கேப்பார், நான் நகர்த்துவேன். அவ்வளவுதான். போன்ல ஆடறதெல்லாம் அந்தக் கணக்குல வராது. அட்டை இல்ல, காய் இல்ல, எதிர்ல ஆள் இல்ல.

துணி எடுக்க முக்கால் மணி நேரமாச்சான்னு இவர் கேக்கலை. கேட்டா சொல்ல ஒரு பதில் வச்சிருந்தேன்.

மே 8, புதன்

இருபதாம் தேதிக்குள்ள ராஜினாமா லெட்டர் கொடுத்தா நல்லதுன்னு லேப் மேடம் சொன்னாங்க, ஆள் பாக்கணுமாம். தரேன்னு சொன்னேன். பேப்பர்கூட எடுக்கலை. சேலத்துல நிறைய லேப் இருக்காம், சேலத்துக்காரர் பேச்சுவாக்குல சொன்னார். நான் கேக்கலை, அவராத்தான் சொன்னார்.

மே 12, ஞாயிறு

நேத்தும் இன்னைக்கும் சேத்து ஆறு ஆட்டம். நாலு அவர், ரெண்டு நான்.

ஒட்டுத்துணி ஆட்டத்துல நான் ஜெயிச்சேன். துண்டு துண்டா அட்டையை அடுக்கி ஒரு போர்வை தைக்கணும், ஓட்டை இல்லாம. இது இவருக்கு உசிரு. முதல் கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. இவர் பெட்டியை மூடப் போன நேரத்துல, கொடுத்துடலாம்னு சொன்னேன்.

இவர் மூடியைக் கீழ வச்சார். "நெசமாவா?"ன்னு கேட்டார். ஜெயிச்சவர் சொல்றதுதான் தீர்ப்புன்னு நீங்கதானே சொன்னீங்கன்னேன். எழுந்து போய் கிளப் ரூமுக்குக் கொடுக்கற மூலையில அதை வச்சார். வீசிப் போடலாம்ல? அதுவும் இல்ல. சத்தமே வராம, மூலைக்கு மூலை சரியா, நேரா அடுக்கினார். அந்த மாதிரி ஆளோட சண்டை போடறது நரம்பு கிடைக்காத கையில ஊசி குத்தற மாதிரி. குத்திக்கிட்டே இருக்கலாம், ஒரு சொட்டு வராது.

அப்புறம் நீர்மூழ்கி ஆட்டத்துல ஜெயிச்சு, எனக்குப் பிடிச்ச அதை இவர் கொடுத்துட்டார். பரவால்ல, கொஞ்சமாவது ரத்தம் ஓடுது.

மே 13, திங்கள்

சிலிண்டர் புக் பண்ணேன். பேச்சு வார்த்தை இல்ல.

மே 14, செவ்வாய்

இன்னைக்கும் இல்ல. உப்பு ஜாஸ்தியாப் போட்டேன். சாப்ட்டுட்டுப் போயிட்டார்.

மே 19, ஞாயிறு

லேப்லேருந்து வந்து அலமாரியோட கீழ்த் தட்டை ஒழிச்சேன். அடியில கலங்கரைப் பெட்டி இருந்துச்சு.

அது ஒரே ஒரு தடவை மட்டும் ஆடற ஆட்டம். ஒரு தீவு, அதுல ஒரு கலங்கரை விளக்கம், காவலுக்கு ரெண்டு பேர். சீல் வச்ச கவர் பத்து இருக்கும். ஒவ்வொண்ணாப் பிரிச்சு, அதுல சொல்ற மாதிரி வரைபடத்துல ஸ்டிக்கர் ஒட்டணும், பேனாவால எழுதணும், சில அட்டையைக் கிழிச்சே போட்டுடணும். ஒரு தடவை ஒட்டினது ஒட்டினதுதான், முதல்லேருந்து திருப்பி ஆட முடியாது. போன வருஷம் பொங்கல் லீவுல நாங்க மூணு கவர் பிரிச்சோம். மிச்சத்தை அப்புறம் ஆடலாம்னு நான்தான் சொன்னேன். அப்ப தலைவலியோ என்னவோ.

இப்ப திறந்து பாக்கறேன், ஒன்பது கவர் பிரிஞ்சு கிடக்கு.

வரைபடம் முழுக்க ஸ்டிக்கர். தீவுக்கு மேக்கால ஒரு பாலம். தோட்டம் ஒண்ணு. உடைஞ்ச படகு ஒண்ணு. நான் பாக்காத தீவு. பத்தாவது கவர் மட்டும் சீலோட இருந்துச்சு.

ரெண்டு பேர் இல்லாம அந்த ஆட்டம் ஆட முடியாது. நான் ஆடலை. அப்போ யாரு?

பெட்டியை இருந்த மாதிரியே வச்சுட்டேன். ராத்திரிக்குச் சப்பாத்தி போட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன், பார்த்தேன், ஒண்ணும் தெரியலை.

மே 20, திங்கள்

ஞாயித்துக்கிழமை, ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை எல்லாம் காலையில ஆறுலேருந்து ரெண்டு வரைக்கும் நான் லேப்ல. இவர் வீட்டுல. எட்டு மணி நேரம். இத்தனை நாள் இதை நான் யோசிக்கலை பாருங்க, எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

பேங்க்ல கேஷ் கவுண்டர்ல ஷோபனான்னு ஒருத்தி. தீபாவளிக்கு அதிரசம் கொடுத்து விட்டா. "அண்ணிக்கு"ன்னு டப்பா மேல எழுதியிருந்தா. அண்ணியாம்.

லேப்ல லெட்டர் கேட்டாங்க. நாளைக்குன்னேன். சேலத்துக்காரர் கிட்ட இதைச் சொன்னேன். பாவம் நீங்கன்னு சொல்லிட்டு யானையை நகர்த்தினார்.

மே 22, புதன்

கேட்டுட்டேன். ஆறு மணிக்கு வந்து சட்டை மாத்திக்கிட்டு இருந்தார், கலங்கரைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கட்டில்ல போட்டேன்.

"இதை யார்கூட ஆடின நீ?"

ஒன்பது வருஷத்துல இவரை நான் நீன்னு கூப்பிட்டதில்ல. வாய் தவறி வரலை, வேணும்னேதான் சொன்னேன்.

இவர் சட்டைப் பித்தானைப் போட்டு முடிச்சார். கட்டில்ல உக்காந்தார். யார்கூடவும் இல்லைன்னார். ரெண்டு பக்கமும் அவரே ஆடினாராம். ஒரு நாற்காலியில உக்காந்து அவர் காயை நகர்த்துவாராம், எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய் என் காயை நகர்த்துவாராம்.

வாய்விட்டுச் சிரிச்சேன். நல்லா இல்லாத சிரிப்பு. காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா, குலோத்துங்கன் சார், உங்க கவுண்டர் ஷோபனா பேர் சொல்லுங்க, நான் ஒண்ணும் செத்துப் போயிட மாட்டேன்னு என்னென்னமோ கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் நின்னு போச்சு. அவங்களும் கேக்கட்டும்.

ஷோபனா பேர் வந்ததும் இவருக்கு நெசமாவே புரியலை. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மாசத்துல பிரசவம்னார். அப்புறம் பெட்டிக்குள்ள அடியிலேருந்து காவல் நோட்டை எடுத்து எங்கிட்டக் கொடுத்தார். படிச்சுக்கன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டார்.

மே 23, வியாழன்

காவல் நோட்டுன்னா, ஆட்டத்தோடவே வர்ற சின்னப் புத்தகம். ஒவ்வொரு கவர் முடிஞ்சதும் ரெண்டு காவலரும் ஆளுக்கு ஒரு வரி எழுதணும். முதல் மூணு கவருக்கு நான் எழுதினது என் கையெழுத்துல இருக்கு. "சரி." "போர்." "பசிக்குது."

நாலாவதுலேருந்து எம் பேர், அவர் கையெழுத்து.

"பூங்கொடி: காத்து பலமா இருக்கு. கதவைத் தாப்பா போட்டுட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?"

"பூங்கொடி: நீங்க தப்பா நகர்த்துறீங்க. சொன்னா கேக்க மாட்டீங்க. போங்க, எண்ணெயை நானே ஊத்தறேன்."

"பூங்கொடி: இன்னைக்கு ஒரு பெரியவர் கையில நரம்பே கிடைக்கலை. நாலு தடவை குத்தினேன். அவர் என்னைத் திட்டாம ஆசீர்வாதம் பண்ணார். அழுகையா வந்துச்சு."

இது நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. கல்யாணமான ரெண்டாவது வருஷம். சாப்பிடும்போது இவர்கிட்டச் சொல்லியிருப்பேன். அப்பல்லாம் சொல்வேன்.

கடைசியா ஒன்பதாவது கவர். "பூங்கொடி: உங்களைத் தனியா விட்டுட்டு நான் எங்க போவேன்?"

நோட்டை மூடி வச்சுட்டேன். ஜன்னல் திரை எல்லாத்தையும் அவுத்துத் துவைச்சேன். ஊர் மாறப் போறப்ப எவளாவது திரை துவைப்பாளா? நான் துவைச்சேன்.

மே 25, சனி

ரெண்டு நாள் அடக்கி வச்சிருந்தேன், இன்னைக்கு மத்தியானம் வெடிச்சுடுச்சு. எம் பேர்ல எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தாங்கன்னு கேட்டேன். அந்த ஷோபனாகூட ஆடியிருந்தாலாவது எனக்குத் திட்ட ஒரு ஆள் இருந்திருக்கும். இது யாரு? எஞ் சேலையைக் கட்டிக்கிட்டு, எங் காயை நகர்த்திக்கிட்டு, நீங்க சாப்ட்டீங்களான்னு கொஞ்சிக்கிட்டு. இவ எனக்கு ஆகவே ஆகாது.

இவர் தரையில உக்காந்து பாத்திரத்தைப் பழைய பேப்பர்ல சுத்திக்கிட்டு இருந்தார். ஒரு டம்ளரைச் சுத்தி முடிச்சுட்டுத்தான் பதில் வந்துச்சு.

"நாலு ஞாயித்துக்கிழமை பெட்டியை டேபிள் மேல எடுத்து வச்சுப் பார்த்தேன். நீ அதைத் தள்ளி வச்சுட்டுக் காய் நறுக்கின. அஞ்சாவது வாரம் நானே ஆடிட்டேன். வெளியில யாரையும் தேடிப் போகலை, பூங்கொடி."

அதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கலை. கேட்டா சொல்லிடுவார்.

மே 26, ஞாயிறு

கேக்காமலே சொல்லிட்டார்.

லேப்லேருந்து வந்து ரசம் வச்சேன், உருளைக்கிழங்கு வறுத்தேன். ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டு, தட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார்.

"சேலத்துக்காரர் நல்லா ஆடுவாரா?"

பிரிட்ஜ் மேல போனை வச்சா அது மினுக்குறப்ப பேர் தெரியுமாம். ஒரு வருஷமாத் தெரியுமாம். எடுத்துப் படிச்சதில்லையாம், அதை நான் நம்பறேன். திண்டுக்கல் மாத்தலே இவர் எழுதிக் கேட்டு வாங்கினதுதானாம். வேற ஊருன்னா வேற மாதிரி இருக்கலாம்னு நினைச்சாராம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. பியூனை விட்டு அலமாரியை அளந்துட்டு.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை. ஆனா கத்த வரலை. சுமாராத்தான் ஆடுவார்னு சொன்னேன்.

"அப்புறம் எதுக்கு?"

"அவர்கிட்டத் தோத்தா எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல. உங்ககிட்டத் தோத்தா மூணு நாளைக்கு எரியுது."

திட்டறதுக்காகத்தான் சொன்னேன். மனுஷன் கையில இருந்த சோறு அப்படியே இருக்க என்னை நிமிந்து பார்த்தார். ஏதோ நல்லது சொன்ன மாதிரி. நான் எழுந்து போய் ரசப் பாத்திரத்தை மூடினேன்.

மே 27, திங்கள்

பஸ்ல வர்றப்ப சேலத்துக்காரருக்கு எழுதினேன். வீட்டுல தெரிஞ்சு போச்சு, இவர் திண்டுக்கல் போறார், நான் போகாம இருக்கலாம்னு பாக்கறேன், சேலத்துல ஏதோ லேப்னு சொன்னீங்களேன்னு. நல்ல நிலைமையில இருக்கற ஆட்டம், அவர்தான் அடுத்து நகர்த்தணும். மந்திரி என் கையில மாட்டப் போகுது.

மே 28, செவ்வாய்

நகர்த்தலை. கத்திரி முடியுதாம் இன்னைக்கு. வெயில் அப்படியேதான் இருக்கு.

லேப்ல மேடம் கடைசியாக் கேட்டாங்க. லெட்டர் தர மாட்டேன், இங்கேயே இருக்கேன்னு சொல்லிட்டேன். சொல்லணும்னு நினைச்சுப் போகலை. அவங்க கேட்டாங்க, வந்துடுச்சு.

மே 29, புதன்

பேசாத ராத்திரியெல்லாம்கூட உக்காந்து ஆடித் தள்ளினது போக, மிச்சப் பெட்டிகளை இன்னைக்கு ஆடி முடிச்சோம். ஆட்டம்னு சொல்லக் கூடாது, கசாப்புக் கடை. அவர் அடிக்க நான் அடிக்க ஒரு மணி நேரத்துல அஞ்சு முடிஞ்சுது. ஒட்டகச் சந்தை ஆட்டத்துல ஜெயிச்சு, எனக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சே அதை வச்சுக்கலாம்னார். செஸ்ல நான் ஜெயிச்சேன். கொடுத்துடலாம்னேன். அதுக்கு மட்டும் இவர் உதட்டோரத்துல லேசா ஒரு சிரிப்பு வந்து போச்சு.

கணக்கு சரியா வந்துடுச்சு. வச்சுக்கறது எட்டு, கொடுக்கறது முப்பத்திரண்டு. கலங்கரைப் பெட்டி எதுலயும் சேரலை. கிளப் ரூம் செக்ரட்டரி ஒண்ணாம் தேதி வந்து எடுத்துக்கறேன்னார்.

லெட்டர் கொடுக்கலைன்னு சொன்னேன். இந்த வீட்டைக் காலி பண்ண ஜூன் கடைசி வரைக்கும் டைம் சொல்லியிருக்கு, அதுக்குள்ள லேடீஸ் ஹாஸ்டல் ஏதாவது பாத்துக்கறேன்னேன். இவர் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தார். சரின்னார். டேப் கோணலாப் போச்சு, பிரிச்சுத் திருப்பி ஒட்டினார்.

மே 30, வியாழன்

நேரம் முடிஞ்சுது, நீங்க ஜெயிச்சீங்கன்னு போன் சொல்லுது. மூணு நாளா நகர்த்தாததால. என் கேள்விக்குப் பதில் இல்ல. சாப்டாச்சான்னும் இல்ல.

எரியவே இல்ல. அதான் கேவலமா இருக்கு.

மே 31, வெள்ளி

லாரி ஒன்பதுக்கே வந்துடுச்சு. பத்தேகாலுக்குள்ள அவர் சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. கட்டில், பீரோ, மிக்ஸி அவர் பக்கம். வாஷிங் மெஷின், கிரைண்டர் எம் பக்கம். கிளம்பப் போற நேரத்துல எங்க மாமியார் போன். பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம், வண்டி அசையக் கூடாதுன்னு. இவர் அதெல்லாம் பாக்கற ஆளில்ல, அம்மாவை எதுத்துப் பேசற ஆளும் இல்ல. லாரி ஆளுங்க டீக்கடைக்குப் போயிட்டாங்க. எங்களுக்கு ஒன்றரை மணி நேரம், காலி ஹாலு, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

இவர் கலங்கரைப் பெட்டியை எடுத்துத் தரையில விரிச்சார். முடிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடறேன்னார். நான் ஜன்னல்கிட்ட நின்னேன். எனக்கென்ன, அவங்க ரெண்டு பேர் சமாச்சாரம்.

ஆனா பாக்காம இருக்க முடியலை. தீவுல புயல் ஓஞ்ச மாதிரி வச்சிருந்தார். அவர் காயை நகர்த்தினார். சுத்தி வந்து எதிர்ப் பக்கம் சம்மணம் போட்டு உக்காந்து என் காயை எடுத்தார். முட்டி வலி ஆளு, ஒவ்வொரு தடவையும் தரையில கை ஊனி எழுந்து உக்காந்தார். என் காயை விளக்குப் பக்கம் கொண்டு போனார்.

நான் அங்க போக மாட்டேன்னு சொன்னேன். தானா வந்துடுச்சு.

"நீ போக மாட்ட. அவ போவா"ன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அட்டையை எட்டி உதைச்சிருக்கலாம். உதைக்கலை. அவர் பத்தாவது கவரைப் பிரிச்சார், படிச்சார், அப்படியே உக்காந்துட்டார். என்னன்னு கேட்டேன். எங்கிட்ட நீட்டினார்.

படகு வந்திருக்காம். ரெண்டு காவலரும் மத்தவருக்குத் தெரியாம ஆளுக்கு ஒரு சீட்டுல எழுதணுமாம், இருக்கேன்னோ போறேன்னோ. அப்புறம் ரெண்டையும் ஒண்ணாத் திருப்பணும். ஒருத்தர் இருந்து ஒருத்தர் போனா விளக்கு அணைஞ்சுடும், தோல்வி. ரெண்டு சீட்டுலயும் ஒரே பதில் இருந்தா, அது எதுவானாலும் வெற்றி.

"இதை நான் ஒருத்தனா எழுத முடியாது. எனக்குத் தெரியாம நான் எப்படி எழுதறது?"ன்னார்.

எதிர்ப் பக்கம் உக்காந்தேன். ஒன்றரை வருஷமா நான் உக்காராம விட்ட இடம், அவர் உக்காந்த சூடு தரையில இன்னும் இருந்துச்சு. சீட்டை எடுத்துக் கையால மறைச்சுக்கிட்டேன். பொய் எழுதலாம். வெறும் ஆட்டம்தானே. அவர் முகத்துக்காக இருக்கேன்னு எழுதிட்டு, பன்னெண்டு மணிக்கு டாட்டா காட்டலாம். அதைத்தான் ஒரு வருஷமாப் பண்ணிக்கிட்டு இருந்தேன்னு அப்பத்தான் உறைச்சுது. போறேன்னு எழுதினேன்.

திருப்பினோம். அவரும் போறேன்னு எழுதியிருந்தார்.

"ஜெயிச்சுட்டோம்"னார்.

நீங்க ஏன் போறேன்னு எழுதினீங்க, இருக்கணும்னுதானே இத்தனை நாள் ஆடினீங்கன்னு கேட்டேன். அவர் ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல நேரா வச்சார்.

"நீ என்ன எழுதுவேன்னு தெரியும். நான் வேற எழுதினா ரெண்டு பேரும் தோத்துடுவோம்."

அழுதேன். எதுக்கு மறைக்கணும், மூக்கு ஒழுக அழுதேன். இவர் தோளைத் தொட வந்தார், தொடாதீங்கன்னேன், எடுத்துட்டார். கொஞ்சம் பொறுத்து நோட்டையும் பேனாவையும் எம் பக்கம் தள்ளினார். கடைசி வரி எழுதணுமாம். நீங்களே எழுதுங்க, உங்களுக்குத்தான் எம் பேர்ல எழுத நல்லா வருமேன்னு சொன்னேன். இவர் தலையை ஆட்டினார், முடியாதுன்னு.

எழுதினேன். "பூங்கொடி: கதவைத் தாப்பா போட்டது, எண்ணெய் ஊத்தினது, எங்க போவேன்னு கேட்டது எதுவும் நான் இல்ல. இது மட்டும்தான் நான். போறேன்."

வாங்கிப் படிச்சார். திரும்பப் படிச்சார். அவ பேசற மாதிரியே இல்லைன்னார். இல்லதான்னேன். அவர் வரியை எனக்குக் காட்டாம எழுதி மூடிட்டார்.

பன்னெண்டு அடிச்சு ரெண்டு நிமிஷத்துல கீழ ஹாரன். காயெல்லாம் எடுத்து, வரைபடத்தை மடிச்சு, நோட்டை மேல வச்சு அந்தப் பெட்டியைக் கட்டினார். தூக்கிப் போடறேன்னவர், கக்கத்துல இடுக்கிக்கிட்டு இறங்கினார். நான் பால்கனியிலேருந்து கத்தினேன், எட்டுப் பெட்டியும் இங்கேயே இருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னு. டிரைவர் பக்கத்துல ஏறி உக்காந்துட்டு நிமிந்து பார்த்தார். நீயே வச்சுக்கன்னு கையைக் காட்டினார். லாரி போயிடுச்சு.

இப்ப மணி நாலு. காபி போட்டுக் குடிச்சேன். ஹாஸ்டலுக்கு ரெண்டு இடத்துல போன் பண்ணேன், ஒண்ணுல பதினஞ்சாம் தேதிக்கு மேல இடம் இருக்காம். செக்ரட்டரிக்கும் பண்ணி, நாளைக்கு வர வேணாம், அப்புறம் சொல்றேன்னேன்.

எட்டு ஒரு பக்கம், முப்பத்திரண்டு ஒரு பக்கம் பிரிச்சு வச்சிருந்ததை ஒண்ணா அடுக்கினேன். நாப்பது பெட்டி. ஒட்டுத்துணி ஆட்டத்தை எடுத்து விரிச்சு, அவர் பக்கத்துக்கும் அட்டையைப் பிரிச்சு வச்சேன். எம் பக்கம் ஒரு துண்டு வச்சேன். அப்புறம் எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காந்தேன். அவர் எதை எடுப்பார்னு யோசிச்சேன். அரை மணி நேரமா யோசிக்கறேன். எனக்குத் தெரியலை.